காரணங்களின் வரிசை

"ராணுவ அதிகாரியாக ஏன் விரும்புகிறீர்கள்?"

இந்தக் கேள்விக்கு ஒருவர் நேர்மையாகப் பதில் எழுத முடியுமா என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி ஒன்றும் புதிதில்லை. ஐ.டி. கம்பெனி இன்டர்வியூவிலும் "எங்க கம்பெனில ஏன் சேரணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். சம்பளத்துக்காகத்தான் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லாமல் ஐந்து நிமிடம் மரியாதையாகப் பேசிவிட்டு எழுந்து போவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

ராணுவத்தில் அப்படி விட்டுவிட முடியாது. அந்த வேலையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, தேவைப்பட்டால் சாக வேண்டும். இன்னொன்று, தேவைப்பட்டால் மற்றவர்களைச் சாகவும் கொல்லவும் அனுப்ப வேண்டும். முதலாவதைப் பற்றி சினிமாவிலிருந்து பள்ளி ஆண்டுவிழா வரை நிறையப் பேசிவிட்டோம். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அதிகாரியை ஜவானிடமிருந்து பிரிப்பது அந்த இரண்டாவதுதான். அப்படிப்பட்ட ஒரு வேலையை "ஏன் கேட்கிறாய்?" என்று கேட்காமல் கொடுப்பது தவறு. கேட்டால் வரும் பதிலை எப்படி நம்புவது என்பது அடுத்த சிக்கல்.

எனக்கு இது யோசனையாக மாறியது என் சித்தப்பா மகளால். சி.டி.எஸ். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. "அண்ணா, நீங்கதான எழுதுற ஆளு. ஏன் ஆர்மின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, நான் மனப்பாடம் பண்ணிக்கிறேன்" என்று வந்து நின்றாள்.

எஸ்.எஸ்.பி. பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாள் நடக்கும் தேர்வு அது. அதில் ஒரு நாள் முழுக்க உளவியல் சோதனை. பதினொரு படங்களும் கடைசியாக ஒரு வெற்றுத் தாளும் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். பிறகு 60 சொற்கள், சொல்லுக்கு 15 வினாடி, மனதில் தோன்றியதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். பிறகு 60 இக்கட்டுகள், அரை மணி நேரம். கடைசியில் 'செல்ஃப் டிஸ்க்ரிப்ஷன்': உன்னைப் பற்றி உன் அப்பா அம்மா என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய், இனி எப்படிப்பட்ட ஆளாக விரும்புகிறாய். ஐந்து பத்தி, 15 நிமிடம். இது போக, தனியாக உட்கார்ந்து பேசும் நேர்முகத்தில் அந்த "ஏன்" நேராகவே வரும்.

நான் எழுதித் தரவில்லை. "முதல்ல உன் காரணத்தையெல்லாம் ஒரு தாள்ல எழுது, யாருக்கும் காட்ட வேணாம்" என்றேன். அவள் எழுதி எனக்கே காட்டினாள். ஐந்து காரணங்கள் இருந்தன.

தாத்தா சுபேதாராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊரில் அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பு. சம்பளம், லெப்டினன்டுக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாய். வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிட்டார்கள். பயிற்சி முடிகிற வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது விதி, அதனால் யாரும் வாய் திறக்க முடியாது. ஓடப் பிடிக்கும், உடம்பைக் களைக்க வைக்கும் வேலை பிடிக்கும். ஐந்தாவதாக, நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

"அஞ்சாவதத்தான் எழுதணும். ஆனா அதுக்குத்தான் என்கிட்ட ஆதாரம் இல்ல" என்றாள்.

இதைவிடச் சரியாக இந்தச் சிக்கலை யாரும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். முதல் நான்குக்கும் அவளிடம் ஆதாரம் இருக்கிறது. தாத்தாவின் மெடல்கள் வீட்டில் இருக்கின்றன. சம்பளப் பட்டியல் இருக்கிறது. ஐந்தாவதற்கு, அவள் அப்படி நினைக்கிறாள் என்பதைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் கோச்சிங் சென்டர் தருகிற மாதிரிப் பதில்களில் முதல் நான்கும் காணாமல் போய்விடும், ஐந்தாவது மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். "சிறு வயதிலிருந்தே சீருடை என்னை ஈர்த்தது" என்று தொடங்கி "தாய்நாட்டுக்கு என்னை அர்ப்பணிக்க" என்று முடியும். அது முழுப் பொய்யும் இல்லை. யாருக்குத்தான் சின்ன வயதில் சீருடை பிடிக்காது? ஆனால் அதைப் படித்தால் எழுதியவர் யாரென்று தெரியாது.

ஒரு மனிதனின் உள்ளே இருக்கும் காரணத்தை ராணுவம் தேடத் தொடங்கியதே சமீபத்தில்தான். 1871 வரை பிரிட்டிஷ் ராணுவத்தின் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். பதவிக்கு ஒரு விலை, அடுத்த பதவிக்கு அடுத்த விலை. "ஏன் வருகிறாய்?" என்று யாரும் கேட்கவில்லை, "எவ்வளவு கொண்டுவந்தாய்?" என்றுதான் கேட்டார்கள். அந்த முறை ஒழிந்த பிறகும் என்ன பள்ளி, என்ன குடும்பம் என்பதே நெடுநாள் பேசியது. இரண்டாம் உலகப் போரில் அது போதவில்லை. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் பயிற்சியிலேயே தேறாமல் திரும்பினார்கள். அதனால் 1942இல் உளவியலாளர்களைச் சேர்த்துப் புதிய தேர்வு வாரியங்களை அமைத்தார்கள். அதில் வேலை செய்தவர்களில் ஒருவர் வில்ஃப்ரெட் பியோன். ஒரு குழுவுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, யாரையும் தலைவன் என்று சொல்லாமல், யார் என்ன செய்கிறார்கள் என்று ஓரமாக நின்று கவனிக்கும் முறை அவருடையது. நம் எஸ்.எஸ்.பி. அந்த மரபில் வந்தது. இன்றும் பலகை, கயிறு, மரக்கட்டையை வைத்துக்கொண்டு ஒரு குழு தடையைத் தாண்ட வேண்டும், அதிகாரி ஓரமாக நின்று குறித்துக்கொள்வார்.

விலையிலிருந்து குலத்துக்கு, குலத்திலிருந்து மனதுக்கு. இது முன்னேற்றம்தான். ஒரு சுபேதாரின் பேத்தி அந்த வாசலில் போய் நிற்க முடிகிறது என்றால் இதனால்தான். ஆனால் காசைப் பொய்யாகக் காட்ட முடியாது, குலத்தையும் அவ்வளவு சுலபமாக மாற்றிச் சொல்ல முடியாது. மனதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மனதைக் கேட்கத் தொடங்கிய இடத்திலேயே மனதை எழுதித் தருகிற தொழிலும் தொடங்கிவிடுகிறது.

சரி, அவள் முதல் நான்கு காரணங்களையும் எழுதினால் என்ன? அவை அசிங்கமானவையா?

இமானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாமல் வரும் வாடிக்கையாளரை அவர் ஏமாற்றுவதில்லை, சின்னக் குழந்தை வந்தாலும் அதே விலைதான். நல்ல மனிதரா? கான்ட் சொல்வது: கடைக்கு நல்ல பெயர் வேண்டும் என்பதற்காக அவர் அப்படி இருந்தால், செயல் சரி, ஆனால் அறமதிப்பு அதில் இல்லை. கடமை என்பதற்காகவே செய்தால்தான் மதிப்பு. இந்த அளவுகோலை வைத்தால் என் தங்கையின் தாளில் ஐந்தாவதைத் தவிர எல்லாவற்றையும் அடித்துவிட வேண்டியதுதான்.

ஆனால் அதே கான்ட் அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார். எவ்வளவு கூர்மையாக நம்மையே சோதித்துப் பார்த்தாலும், கடமைக்காகத்தான் செய்தேன் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது; அடியில் ஏதோ ஒரு சுயநலம் ஒளிந்திருக்கவில்லை என்று யாராலும் காட்ட முடியாது. இதை முதல்முறை படித்தபோது சலிப்பாக இருந்தது. இப்போது யோசித்தால் இது பெரிய நிம்மதி. அப்படியானால் தன் மனதின் அடிவரை பார்த்து எழுதிய ஒரு பக்கம் என்பது யாராலும் எழுத முடியாத பக்கம். "என் ஒரே காரணம் தேசம்" என்று எழுதுபவர் பொய் சொல்கிறார் என்று கூடச் சொல்ல மாட்டேன். தனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்கிறார்.

மனதில் மாசில்லாமல் இருப்பதுதான் அறம் என்று பொதுவாகச் சொல்கிற திருக்குறள், அரசுப் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் 'வினைத்தூய்மை' என்று தனியாக ஒரு அதிகாரம் வைக்கிறது. நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: பிறர் வாழ்க்கையைக் கையில் வைத்திருப்பவனிடம் மனத்தூய்மையை மட்டும் கேட்டால் போதாது. அவன் மனதுக்குள் நாம் போக முடியாது. செயலைப் பார்க்கலாம்.

டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 1932 டிசம்பரில் முறைப்படி திறக்கப்பட்டபோது, அன்றைய தளபதி செட்வுட் பேசிய பேச்சிலிருந்து ஒரு பகுதியை அந்த மண்டபத்திலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். ராணுவத்தில் சேர விரும்புகிற பிள்ளைகள் எல்லோரும் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். சாரம் இதுதான்: நாட்டின் பாதுகாப்பும் கௌரவமும் நலனும் முதலில்; நீ நடத்தும் ஆட்களின் கௌரவமும் நலனும் வசதியும் அடுத்து; உன் சொந்தச் சௌகரியமும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில்.

இதில் "ஏன்" என்பதே இல்லை என்பதைக் கவனியுங்கள். உன் சௌகரியத்தை நினைக்கவே கூடாது என்றும் அது சொல்லவில்லை. அதுவும் பட்டியலில் இருக்கிறது, கடைசியாக இருக்கிறது, அவ்வளவுதான். சொன்னவர் காலனிய ராணுவத்தின் தளபதி, அவர் 'நாடு' என்று சொன்னபோது யாருடைய நாடு என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் அந்த வாக்கியத்தின் அமைப்பு எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. காரணங்கள் கலந்திருப்பது தவறில்லை, எல்லோருக்கும் கலந்துதான் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று மோதும்போது எது விட்டுக்கொடுக்கும் என்பதுதான் கேள்வி.

சம்பளமும் தேசமும் பெரும்பாலான நாட்களில் மோதுவதில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் வரும், காலையில் கொடி ஏறும். தாத்தாவின் மதிப்பும் ஆட்களின் நலனும் கூட மோதுவதில்லை, ஒரு நாள் வரும் வரை. அந்த நாளில், ஒரு தவறான முடிவை ஒப்புக்கொண்டால் தன் பெயர் கெடும், ஒப்புக்கொள்ளாவிட்டால் கீழே இருப்பவன் மாட்டிக்கொள்வான் என்று வரும். அப்போது பெயர் முதலில் வந்தால், அந்த ஆள் எவ்வளவு உன்னதமான காரணத்தோடு சேர்ந்திருந்தாலும் பயனில்லை.

தமிழில் எழுதும்போது இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 'ராணுவம்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் ஒரே அர்த்தம் இல்லை. வேலூர்ப் பக்கத்து ஊர்களில் அது டிரங்குப் பெட்டி, கேண்டீன் சாமான், பென்ஷன், லீவுக்கு வரும் மாமா. யாழ்ப்பாணத்தில் அது வேறு. இலங்கை ராணுவத்தை விட்டுவிடுவோம். அமைதிப்படை என்ற பெயரில் போன நம் ராணுவமே 1987 அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ் மருத்துவமனைக்குள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டது. அந்தக் கட்டடத்துக்குள் போனவர்களை நடத்தியவர்களும் என்றோ ஒருநாள் "ஏன் விரும்புகிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்கள்தானே. தேசத்துக்குச் சேவை என்ற காரணம் அந்த நாளில் யாரையும் தடுத்து நிறுத்தவில்லை.

வியட்நாமில் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான கிராமவாசிகளைக் கொன்றார்கள். அதே நாள், அதே இடம், அதே ராணுவத்தைச் சேர்ந்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் லெப்டினன்ட் வில்லியம் காலி. அதிகாரிப் பயிற்சிப் பள்ளியில் தேறி வந்தவர். கொலைக் குற்றத்துக்காக 1971இல் தண்டிக்கப்பட்டார். மேலிடத்துக் கட்டளையைத்தான் நிறைவேற்றினேன் என்பது அவர் வாதம். இன்னொருவர் ஹியூ தாம்சன், ஹெலிகாப்டர் ஓட்டியவர். மேலிருந்து நடப்பதைப் பார்த்துவிட்டு, தன் ஹெலிகாப்டரைக் கிராமத்தவருக்கும் தன் நாட்டுப் படைக்கும் நடுவில் இறக்கினார். இவர்களைச் சுட்டால் அவர்களைச் சுடு என்று தன் குழுவிடம் சொல்லிவிட்டு இறங்கிப்போய், மிச்சமிருந்த சிலரை வெளியே கொண்டுவந்தார். அந்தச் செயலுக்கான பதக்கம் அவருக்கு வர 1998 ஆனது.

இரண்டு பேரிடமும் சேரும்போது ஒரு பக்கம் எழுதி வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் அதில் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. "எதற்காக வருகிறாய்?" என்ற கேள்வி அந்த ஆழத்துக்குப் போகாது. "எதைச் செய்ய மாட்டாய்?" என்ற கேள்வி கொஞ்சம் போகும். நம் ராணுவச் சட்டமே, 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, மேலதிகாரியின் 'சட்டபூர்வமான' கட்டளையை மீறுவதைத்தான் குற்றம் என்கிறது. அந்த ஒரு சொல்லை முன்னால் போட்டதால், கட்டளை கேட்பவனும் யோசிக்கக் கடமைப்பட்டவன் ஆகிறான்.

என் நண்பன் ஒருவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ராணுவமே வேணாம்னு சொல்றத விட்டுட்டு, எப்படிச் சேரணும்னு கட்டுரை எழுதுறியா?" என்றான். ராணுவமற்ற உலகம் வேண்டும் என்பவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நாளைக் காலை ஒரு ஜீப்பில் பத்துப் பேர் ஒரு கிராமத்துக்குள் போகத்தான் போகிறார்கள். அவர்களை நடத்துவது யார் என்பது அந்தக் கிராமத்துக்கு முக்கியம். நல்ல மனசுக்காரர்கள் எல்லோரும் விலகி நின்றால் அந்த ஜீப் நின்றுவிடாது.

இன்னொரு விஷயம். அந்த ஜீப்பில் பின்னால் உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதி வாங்கவில்லை. ஆள்சேர்ப்பு முகாமில் அவன் 1.6 கிலோமீட்டர் ஓடினான், கம்பியில் தொங்கி ஏறினான், மருத்துவச் சோதனையில் தேறினான். 2022இல் வந்த அக்னிபத் திட்டப்படி அவனுக்கு நான்கு ஆண்டுகள். அதன்பின் அதிகபட்சம் நாலில் ஒருவர்தான் தொடர முடியும். "வீட்டுக் கஷ்டத்துக்கு வந்தேன்" என்று அவன் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதிகாரி மட்டும் சம்பளத்தைச் சொல்லக் கூடாது என்பது பழைய காலத்து மிச்சம் என்று தோன்றுகிறது. பதவியைக் காசு கொடுத்து வாங்கிய கனவான்களுக்குச் சம்பளம் பொருட்டாக இல்லாமல் இருந்திருக்கலாம். சுபேதார் வீட்டுப் பெண் ஏன் அப்படி நடிக்க வேண்டும்?

ஆகவே அந்தப் பக்கத்தின் உண்மையான வாசகர் தேர்வு வாரியம் இல்லை என்று நினைக்கிறேன். வாரியம் ஐந்து நாளில் படித்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போய்விடும். அவளுக்குக் கீழே வேலை செய்யப்போகிற முப்பது பேர், அவர்கள்தான் அதைப் பல ஆண்டுகள் படிக்கப்போகிறவர்கள், தாளில் இல்லாமல் அவள் நடத்தையில். அவர்கள் கையில் அந்தத் தாள் கிடைத்தால் எதைத் தேடுவார்கள்? அவளுக்குச் சின்ன வயதில் சீருடை பிடித்ததா என்றா? "இவளுக்கு என் உயிர் எத்தனாவது?" என்றுதான் தேடுவார்கள்.

ராணுவம் பெண்களைப் போர்முனை சாராத அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கும் முன்பே, அன்றைய தளபதி ஜெனரல் சுனித் ரோட்ரிக்ஸுக்குக் கடிதம் எழுதியவர் பிரியா ஜிங்கன். பெண்களுக்கும் வாசலைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார். படிவம் இல்லை, மாதிரிப் பதில் இல்லை, மதிப்பெண் இல்லை. பிறகு சென்னை பரங்கிமலை அகாடமியில் 25 பெண்கள் கொண்ட முதல் அணியில் சேர்ந்து 1993 மார்ச்சில் அதிகாரியாக வெளியே வந்தார். அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம், விண்ணப்பம் என்ற சொல்லின் பொருள் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. 'நான் எவ்வளவு நல்லவள் பார்' என்பது விண்ணப்பம் இல்லை. 'இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுங்கள்' என்பதுதான் விண்ணப்பம். பொறுப்பைக் கேட்பவர் தன் கடந்தகாலத்துக்குச் சாட்சி தேடுவதைவிட, இனி என்ன செய்வேன் என்பதற்கு வாக்குக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் தங்கையிடம் சுருக்கித்தான் சொன்னேன். "அப்ப அஞ்சையும் எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதலாம், ஆனால் எது எதற்கு வழிவிடும் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா பேருதான் கஷ்டம். மத்ததெல்லாம் விட்டுடுவேன்" என்றாள். அதைக் கேட்டபோதுதான் அவள் அந்தத் தாளை உண்மையாகவே படிக்கத் தொடங்கியிருக்கிறாள் என்று பட்டது. கல்யாணப் பேச்சு ஓய்ந்துபோகும், சம்பளம் பழகிப்போகும், முழங்கால் ஒருநாள் ஓட்டத்தை நிறுத்திவிடும். பெயர் மட்டும் கூடவே வரும். பெரும்பாலான அதிகாரிகள் சறுக்குகிற இடமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

'செல்ஃப் டிஸ்க்ரிப்ஷன்' கேட்கும் ஐந்தில் முதல் நான்கும் இதுவரை நீ யார் என்பதைப் பற்றியவை. அவற்றுக்கு அப்பா அம்மாவையும் நண்பர்களையும் சாட்சிக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. கடைசிப் பத்தி மட்டும் இனி எப்படிப்பட்ட ஆளாக விரும்புகிறாய் என்று கேட்கிறது. கோச்சிங்கில் அதை 'உன் குறைகளை எப்படிச் சரிசெய்துகொள்வாய்' என்று சுருக்கி, நேர மேலாண்மை, ஆங்கிலப் பேச்சு என்று இரண்டு வரியில் முடித்துவிடச் சொல்கிறார்கள். நான் அந்த வரிசையை அங்கேதான் எழுதச் சொல்வேன். 15 நிமிடத்தில் அந்தப் பத்திக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். தன் பெயர் கெட்டாலும் கீழே இருப்பவனை மாட்டிவிட மாட்டேன் என்று எழுத அது போதும். எழுதியது உண்மையா என்பது அவளுக்கே இன்னும் தெரியாது. பரவாயில்லை, வாக்குக் கொடுக்கும் யாருக்கும் அன்றைக்கே அது தெரிவதில்லை.